‘படம் எப்படி?’ என்று கேட்டால்

எங்கள் அக்கா வீட்டில் அவள் மகனுக்கு ஒரு தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவன் பேச்சைக் கேட்டு இனி யாரும் தியேட்டர் பக்கம் போவதில்லை. காரணம் ‘கொட்டுக்காளி’. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த படம். முதல் நாளே பார்த்துவிட்டு வந்தவன், "செம படம்மா, விட்றாதீங்க" என்று அப்பா அம்மாவுக்குத் தானே டிக்கெட் போட்டு அனுப்பிவைத்தான். போஸ்டரில் சூரியைப் பார்த்த அக்காவுக்கு ‘வெண்ணிலா கபடிகுழு’ பரோட்டா காமெடிதான் ஞாபகம். போய்வந்த அத்தான் சொன்னது இது: "பாட்டும் இல்ல, மியூசிக்கும் இல்ல, கடைசியில முடிவும் இல்ல. லைட்டப் போட்டதும் பக்கத்து சீட்டுக்காரரப் பாத்தேன். அவரும் என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தார்."

"நல்ல படத்த நல்ல படம்னு சொன்னது தப்பா மாமா?" என்று கேட்கிறான் பையன். தப்பில்லை. எனக்கும் அது நல்ல படம்தான். ஆனால் சொல்ல வேண்டியதில் பாதியை அவன் சொல்லவில்லை. உட்கார், டீ வரட்டும் என்றேன்.

‘கொட்டுக்காளி’யின் கதை ஒரு வரிதான். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பும் குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடி ஒருவரிடம் போகிறது. வழி நெடுகக் கேமராவும் கூடவே போகிறது. பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றும் ஆட்களின் பேச்சும்தான். மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. எங்கே பயப்பட வேண்டும், எங்கே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று வயலின்கள் எடுத்துக்கொடுத்துப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் வெறிச்சென்றுதான் இருக்கும். அந்த அமைதி பிடிபட்டுவிட்டவருக்கு, சாலையை ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும் காட்சி ஒன்றே போதும். பிடிபடாதவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் முந்தைய படமான ‘கூழாங்கல்’ ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது என்ற தகவல் அக்காவுக்கு எந்த விதத்திலும் உதவாது. "மியூசிக் இருக்காது. மெதுவாப் போகும். முடிவ நம்மகிட்டயே விட்டுடுவாங்க. சூரி சிரிக்க வைக்க மாட்டார்." இது உதவியிருக்கும். இதைக் கேட்டுவிட்டு அவள் போகாமலே இருந்திருக்கலாம், அதிலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போயிருந்தால் தயாராகப் போயிருப்பாள்.

அதே நாளில்தான் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. அதுவும் மனதைப் பிசையும் படம்தான். ஆனால் அதில் இரண்டு சிறுவர்களின் ரஜினி–கமல் தகராறு இருக்கிறது, பூங்கொடி டீச்சர் இருக்கிறார், சந்தோஷ் நாராயணனின் இசை இருக்கிறது. கைபிடித்து அழைத்துப்போய்விட்டு அதன் பிறகுதான் அடிக்கிறார்கள். அக்காவை அந்தப் படத்துக்கு அனுப்பியிருந்தால் அழுதுகொண்டே வந்து எதிர்வீட்டுக்கும் சிபாரிசு செய்திருப்பாள்.

யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் சொல்லும் அபிப்பிராயத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஆபீஸ் நண்பர் "படம் எப்படி?" என்று கேட்டால், டிக்கெட்டும் பார்க்கிங்கும் பாப்கார்னுமாகச் சேர்ந்து ஆகும் செலவுக்குத் தாங்குமா என்று கேட்கிறார்; இல்லை, ஓடிடியில் வரும்வரை பொறுக்கலாமா என்று. அம்மா கேட்டால், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நெளியாமல் பார்க்க முடியுமா என்று பொருள். ஏற்கெனவே பார்த்துவிட்டவர் கேட்டால் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவருக்கு உங்கள் கருத்து தேவையில்லை, தன் கருத்துக்கு ஒரு கையெழுத்துதான் தேவை.

பையன் குறுக்கே வந்தான். "சரி, படம் இழுவைன்னா இழுவைதானே? அதுல ஆளுக்கு ஆள் என்ன மாறும்?"

அங்கேதான் நிறைய மாறும். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடியது. அந்த வாரம் தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது, இன்னொன்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்தது. சில நாட்களில் படத்திலிருந்து சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. சும்மா பேசிக்கொண்ட பேச்சுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது, படச்சுருளையே வெட்டவைக்கும். (சுருள் எங்கே இருக்கிறது இப்போது, எல்லாம் ஹார்டு டிஸ்க்தான், பழைய பழக்கம்.)

இரண்டு கட்சியும் பார்த்தது ஒரே நிமிடங்களைத்தான். தஞ்சாவூர் வீட்டை 1996-ல் இழந்துவிட்டுச் சென்னைக்குப் போன அருள்மொழி, வருடங்கள் கழித்துத் தங்கை முறையான பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவர் (கார்த்தி) "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். பாசமாகப் பரிமாறுகிறார், பழங்கதை பேசுகிறார், இரவு தன் வீட்டில் தங்கவைக்கிறார். அருள்மொழிக்கு அவர் யாரென்றே ஞாபகமில்லை, பெயர்கூடத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுக்கத் தொங்குவது இந்த ஒரே கொக்கியில்தான். கல்யாண வீடுகளில் நமக்கு நடக்காததா இது? அந்தக் கூச்சம் உங்களையும் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் பதற்றம்: இப்போதாவது பெயரைச் சொல்லிவிடுவாரா, மாட்டிக்கொள்வாரா? பிடிக்காவிட்டால், இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

‘இழுக்கிறது’ என்று தோன்றுவது இப்படித்தான். கடிகாரத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நாம் எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறோமோ, அதை நோக்கிக் காட்சி நகராதபோது நேரம் கனக்கிறது. எதற்கும் காத்திருக்கவே நம்மை வைக்காத படம் ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் நீளம்தான். ஆகவே "படம் ஸ்லோ" என்று சொல்வதற்குப் பதில், "அவர் பேரு என்னங்கறதுதான் மொத்தப் படமும், எனக்கு அது பத்தல" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் தனக்கு அது பத்துமா என்று தானே முடிவு செய்துகொள்வார். எனக்குப் பத்தியது; ஆனால் இரவுப் பேச்சில் ஓரிடத்தில் கார்த்தி என்னிடமே பிரசங்கம் செய்வதுபோல இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

இழுவைக்குத் தம்பி முறையானது ‘செகண்ட் ஆஃப் சரியில்ல’. தமிழில் எந்தப் படத்தைப் பற்றியும் தைரியமாகச் சொல்லலாம், பத்துக்கு ஏழு பேர் தலையாட்டுவார்கள். அது ஏன் என்று யோசித்தால் ருசியான விஷயம் இருக்கிறது. நம் படங்கள் இடைவேளையை நம்பிக் கட்டப்படுகின்றன. கேன்டீன் வியாபாரத்துக்காக மட்டுமில்லை, கதையே அப்படித்தான் எழுதப்படுகிறது. முதல் பாதியின் வேலை கேள்வி கேட்பது. இவன் யார், ஏன் ஒதுங்கி இருக்கிறான், அந்தத் தழும்பு எப்படி வந்தது? கேள்வி கேட்பது சுலபம், செலவில்லாத வேலை. ‘இடைவேளை பிளாக்’ என்று தனியாகப் பெயர் வைத்து, அங்கே எல்லாக் கேள்வியையும் ஒரே உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். சமோசாவைக் கடித்துக்கொண்டு நாம் வெளியே நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் மனசுக்குள் ஒரு இரண்டாம் பாதியை நாமே எடுத்துவிடுகிறோம். திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையில் ஓடும் இரண்டாம் பாதி அந்தக் கற்பனைப் படத்தோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஃப்ளாஷ்பேக் வேறு அங்கேதான் வரும். 1995-ல் ‘பாட்ஷா’ அதைச் செய்தபோது ஃப்ளாஷ்பேக்கே படத்தின் சிகரமாக இருந்தது, ஜனம் எழுந்து நின்றது. அதன் பிறகு அதே அச்சில் வார்த்த எத்தனையோ படங்களில் அது நாம் ஏற்கெனவே ஊகித்துவிட்டதை அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருக்கிறது. ஹாலிவுட் படத்துக்கு இந்தப் புகார் வராததைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் இடைவேளையே எழுதப்படவில்லை. ஆபரேட்டர் ஒரு வசனத்தின் நடுவே விளக்கைப் போட்டுவிடுகிறார். முதல் பாதி எது என்றே நமக்குத் தெரியாது.

செகண்ட் ஆஃபைத் திட்டும்போது, பதில் மோசமாக இருந்ததா, அல்லது முதல் பாதி அளவுக்கு மீறி ஆசை காட்டிவிட்டதா என்று பிரித்துச் சொன்னால் அது விமர்சனம். பிரிக்காமல் சொன்னால் வெறும் வழக்கம்.

தியேட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 2024 நவம்பர் 14-ல் ‘கங்குவா’ வந்தபோது கதையைவிடச் சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. தலைவலி என்றார்கள். பிரபல ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பொதுவில் வருத்தப்பட்டு எழுதினார். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா, வால்யூமை இரண்டு பாயிண்ட் குறைத்து வைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் ‘பாயிண்ட்’ என்பது என்ன? புரொஜக்ஷன் அறையில் இருக்கும் டால்பி ஒலிப் பெட்டியில் ஒரு எண் தெரியும். 7 என்பது அடிப்படை அளவு. கலவை அறையில் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம் அந்த 7-ல்தான் அரங்கில் கிடைக்கும். பல தியேட்டர்கள் அதற்குக் கீழேதான் வைக்கின்றன. யாராவது புகார் சொன்னால் இன்னும் குறைப்பார்கள். குறைப்பார்கள் என்று தெரிந்தே இன்னும் கூட்டிக் கலக்கிறவர்களும் உண்டு. ஆக, உங்கள் ஊரில் கிசுகிசுப்பாகக் கேட்ட வசனம் பக்கத்து ஊரில் காதைக் கிழிக்கலாம். "டயலாக் ஒண்ணும் புரியல" என்று சொல்வதற்கு முன் "நாங்க பாத்த தியேட்டர்ல" என்று சேர்த்துக்கொள்வது நியாயம். விளக்கு மங்கிய புரொஜக்டரில் பார்த்துவிட்டுக் கேமராமேனைத் திட்டுகிறவர்களுக்கும் இதுவே.

எந்தக் காட்சி என்பதும் முக்கியம். 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் திரையிடப்பட்டன. கோயம்பேட்டில் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு பெரிய நடிகர்களின் படங்களுக்குக்கூடத் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணி என்றாகிவிட்டது. பக்கத்து மாநிலங்களில் அதற்கு வெகு முன்பே படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தமிழ்ப் படத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் பாலக்காட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறது, இங்கே தீபாராதனையே இன்னும் ஆகியிருக்காது. அப்படி வருகிற செய்தி விசில் சத்தத்துக்கு நடுவே பாதி வசனம் கேட்காமல் பார்த்தவருடையது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது ஒரு திருவிழா. திங்கட்கிழமை மாலைக் காட்சியில் இருபது பேரோடு உட்காரும் உங்களுக்கு அந்தத் திருவிழா கிடைக்காது.

வாசலில் மைக்கை நீட்டுகிறவர்களைப் பற்றியும் பையன் கேட்டான். 2024-ல் ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகியவற்றுக்குப் பிறகு, தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டது. படம் வெளியாகி மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி, அப்படித் தடைபோட நீதிமன்றம் மறுத்தது. சரியான பதில்தான். பணம் கொடுத்துப் பார்த்தவன் வாயைக் கட்ட முடியாது. ஆனால் மைக் முன்னால் பேசுகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். விளக்கு வந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். படம் இன்னும் அவருக்குள் இறங்கவில்லை. மைக்கைப் பார்த்ததும் குரல் தானாக உயர்கிறது: "வெறித்தனம்!" அல்லது "தயவுசெஞ்சு வராதீங்க!" நடுவில் ஏதாவது சொன்னால் அது ஒளிபரப்பாகாது என்பது அவருக்கே தெரியும்.

எனக்கு நம்பகமான அபிப்பிராயம் மறுநாள் காலையில் கிடைப்பது. பல் தேய்க்கும்போது ஒரு காட்சி தானாக ஞாபகம் வந்தால் படத்தில் ஏதோ இருக்கிறது. ‘லப்பர் பந்து’ பார்த்த மறுநாள் எனக்கு ஞாபகம் வந்தது கிரிக்கெட் இல்லை. கணவன் ஆட்டத்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் ஸ்வாசிகாவின் முகத்தில் ஏறும் கோபம். ஊர்ப் பக்கம் ரப்பர் பந்தில் ஆடும் மேட்ச், வருங்கால மாமனாருக்கும் மருமகனுக்கும் முட்டல், அணிக்குள்ளேயே ஓடும் சாதி என்று எத்தனையோ இருந்தும் அந்த முகம்தான் நின்றது. அதைச் சொன்னால் போதும், கிரிக்கெட் பிடிக்காத என் மனைவியும் கிளம்பிவிடுவாள். கிளம்பினாள்.

பிறகு மார்க் விவகாரம். ஆனந்த விகடன் பல காலம் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. 1977-ல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 இன்றும் பேசப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். விகடனில் வாங்கினால் அது மகுடம். 40-ஐத் தாண்டிவிட்டால் போய்ப் பார்க்கலாம் என்று வாசகர்களுக்குப் பழகியிருந்தது. அந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது, போட்டவரின் கை எவ்வளவு இறுக்கம் என்று வாசிக்கிறவருக்குத் தெரிந்திருந்ததால். தெரியாத ஒருவர் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டால் எனக்கு அதை வைத்து ஒன்றும் செய்யத் தெரியவில்லை. என் பெரியப்பா இருக்கிறார், எந்தப் படத்துக்கும் அவர் சொல்வது "இதெல்லாம் ஒரு படமா!" என்பதுதான். அதையே பாதி சிரிப்போடு சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை.

"கதையச் சொல்லாமச் சொல்றது எப்படி மாமா?" இரண்டாவது டீ வந்தபோது கேட்டான்.

கதையைச் சொல்வதில் அவ்வளவு பாவம் இல்லை. அந்தக் காலப் பாட்டுப் புத்தகத்தில் பாதிக் கதையை அச்சடித்துவிட்டு மீதியைத் திரையில் காணச் சொல்வார்கள், அதை வாசித்துவிட்டும் ஜனம் போனது. கெடுப்பது வேறு ஒன்று. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்." இதைச் சொன்னதுமே பாதி போயிற்று. கேட்டவர் தியேட்டரில் கதையைப் பார்ப்பதில்லை, துப்பறிகிறார். 2024 ஜூனில் வந்த ‘மகாராஜா’வை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து, லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. இதைச் சொல்லலாம், படமே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறது. கேட்டவருக்கு ஆவல்தான் கூடும். ஆனால் "டைமிங்கக் கவனிச்சுப் பாரு" என்று புத்திசாலித்தனமாக ஒரு வார்த்தை விட்டால் போச்சு. இயக்குநர் நித்திலன் சாமிநாதன் பொறுமையாக அடுக்கியதை நீங்கள் டீக்கடையிலேயே கலைத்துவிட்டீர்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்ற கேள்விக்கு மட்டும் ரசனையைக் கலக்காமல் பதில் சொல்ல வேண்டும். ‘ஏ’ என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது. 2025 ஆகஸ்டில் ‘கூலி’க்கு ‘ஏ’ கிடைத்தபோது, ரஜினி படமென்றால் குடும்பத்தோடுதான் என்று பழகிய வீடுகள் திட்டத்தை மாற்ற வேண்டிவந்தது. பழைய ‘யு/ஏ’ இப்போது 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிந்திருக்கிறது. டிக்கெட் போடும்போதே தெரியும், யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழ் வயதைச் சொல்லும், மனசைச் சொல்லாது. ‘மகாராஜா’வின் நடுவில் இருக்கும் குற்றம் எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை வைத்திருக்கும் ஒருவர் எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தால், வெளியே வரும்போது உங்களோடு பேச மாட்டார்.

"அப்ப அதப் பத்தி அம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்?"

நீயே சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "விஜய் சேதுபதி நல்லாப் பண்ணிருக்கார்மா. பாதிவரைக்கும் சிரிப்பா இருக்கும், அப்புறம் இருக்காது. தங்கச்சியக் கூட்டிட்டுப் போகாத. நீயும் அப்பாவும் மட்டும் போங்க, சாப்பிட்டுட்டுப் போங்க, வந்து சாப்பாடு எறங்காது."

தடையை நீக்கச் சொல்லி அக்காவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அத்தானைப் பற்றி உத்தரவாதம் கொடுக்கவில்லை.